பழுப்பு நிறத்துக்கு மதிப்பெண் இல்லை

“நீரு அந்த லைட்டத் தொட்டுப் பாரும். கை இருக்காது.”

“தொடாம? இப்ப அவன் வந்து தூக்கிட்டுப் போவான், நீ வேடிக்க பாப்பியாக்கும். ரெண்டு நாளு கூட்டி வச்சிருந்தாப் பச்சையாவது அடிச்சிருக்கும்.”

“பச்ச அடிக்கும், ஒம்ம மூஞ்சி. சாகுததுக்கு முன்னால எல்லாந்தான் மினுங்கும்.”

இசக்கிராஜ் இரண்டாம் மாடிப் படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் தெர்மோகோல் பெட்டி, தோளில் மீட்டர் பை. பவளக் காப்பு வாரியத்தில் ஒன்பது வருடமாக ஒளி அளவையர் வேலை. தூத்துக்குடியில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘லைட்டு மீட்டர்’ என்றால் சின்னப் பிள்ளை கூடக் கைகாட்டும். இப்படிப்பட்ட சண்டைகளும் அவருக்குப் புதிதில்லை. மாதாமாதம் அவர் வரும் நாளில் பாதி வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டைதான். வழக்கமாக ஒரு தடவை இருமிவிட்டு உள்ளே போவார், சண்டை தானாக அடங்கிவிடும். அன்று இருமல் வரவில்லை. சாவதற்கு முன்னால் எல்லாம் மினுங்கும் என்று அந்தப் பொம்பளை சொன்னது காதில் அப்படியே நின்றது. என்ன திமிர் என்றுதான் முதலில் தோன்றியது.

விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. மூன்று கோடை தொடர்ந்து மன்னார் வளைகுடாத் தண்ணீர் சுட்டது. மார்கழியில் கால் வைத்தாலும் குளிர்ச்சி கிடையாது. கடலுக்குள் இருந்த பவளப் பாறை வெளுத்தது, செத்தது, பொடிந்தது. பவளம் இருந்தவரை அது ஊருக்குச் சுவர். எந்த அலையும் அதில் முட்டி உடைந்துதான் கரைக்கு வரும். சுவர் போனபின் அலை நேராகத் தெருவுக்கு வந்தது. கடற்கரைத் தெருக்கள் நான்கும் போய், அங்கிருந்த சனமெல்லாம் புறவழிச்சாலை ஓரத்து அடுக்கு வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பாறை முழுதாகச் சாவதற்கு முன்னால் வாரியம் நாலாயிரம் துண்டுகளை உயிரோடு எடுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் ஒரு நாள் கரண்ட் போனாலே மொத்தமும் முடிந்துவிடும் என்று, ‘வீட்டுக்கொரு பவளம்’ என ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். கடல் என்றைக்குக் குளிர்கிறதோ அன்றைக்குத் திரும்ப நடுவது. தொட்டி, பம்பு, உப்புத்தண்ணீர் எல்லாம் வாரியம் கொடுத்தது. விளக்கை மட்டும் அவரவர் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. விளக்கு வாங்கச் சொன்னால் நம் ஆட்கள் எப்படி வாங்குவார்கள்? கல்யாண மண்டபத்துக்குப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்கள். எது பளிச்சென்று இருக்கிறது, எதிர்வீட்டில் எத்தனை வாட்ஸ், அதைவிட ஒரு படி மேலே கொடு. தண்ணீர் எவ்வளவு ஆழம், விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியவேண்டும் என்று எவனும் கேட்கவில்லை, விற்றவனும் சொல்லவில்லை. தொட்டி முன்னறைக்கு வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் பெண்ணை நிறுத்திப் பார்த்தார்கள். தரகர்கள், “வீட்ல ஊதாப் பவளமாக்கும்” என்று சேர்த்துச் சொன்னார்கள்.

வாரியமும் அதற்கு ஏற்ற மாதிரி ஒரு நிற அட்டை போட்டது. ஆறு கட்டம். ஊதாவுக்கு ஐந்து மதிப்பெண், அப்புறம் நீலம், ரோஸ், பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் குறையும். கடைசிக் கட்டம் பழுப்பு, அதற்குச் சுழியம். மூன்று மாதம் தொடர்ந்து சுழியம் வாங்கினால், ‘போதிய ஒளி தரவில்லை’ என்று எழுதிப் பவளத்தை எடுத்துவிடலாம். அன்று இசக்கிராஜ் பெட்டியோடு வந்தது அதற்குத்தான்.

உள்ளே போனார். வீட்டுக்காரர் தொம்மை, உப்பு லாரி ஓட்டுகிறவர், சண்டையை அப்படியே விழுங்கிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி கித்தேரி நகரவில்லை. ஐம்பது வயது தாண்டியவள். தொட்டிக்கு முன்னால், கடைக்குள் ஆள் வராமல் மறித்து நிற்கிறவளைப் போல நின்றாள். விளக்கு உத்தரத்துக்குப் பக்கத்தில், ஃபேன் கொக்கியில் தொங்கியது. அதற்கும் கீழே கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தாள். தொட்டிக்குள் விரித்த கை அளவில் ஒரு மான்கொம்புப் பவளம். பால் விடாத கட்டன் சாயாவின் நிறம்.

இசக்கிராஜ் மீட்டரின் குண்டைத் தண்ணீருக்குள் விட்டார். நூற்றிருபது காட்டியது. விதிப்படி முந்நூற்றைம்பது வேண்டும். நிற அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை, சுழியம். தொம்மை கெஞ்ச ஆரம்பித்தார். பெரிய விளக்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பதாகவும், இவள்தான் மாட்டவிடவில்லை என்றும், ஒரே ஒரு மாதம் தவணை கொடுத்தால் ஊதா ஆக்கிக் காட்டுவதாகவும் சொன்னார். இசக்கிராஜ் எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னார். தன் கையில் ஒன்றும் இல்லை, விதி.

அப்போதுதான் கித்தேரி வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க கடலுக்குள்ள பவளம் பாத்திருக்கியளா?”

“போட்டோல பாத்திருக்கேன்.”

“நான் பன்னெண்டு வயசுல இருந்து கடல்பாசி எடுத்தவ. சேலைக்கு மேல சட்ட, வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு, விடிஞ்சா கடலுக்குள்ள. முப்பது வருசம். அங்க ஊதாவும் இல்ல, ஒங்க ரோஸும் இல்ல. சாயாத்தண்ணிக் கலரு, சாணிக் கலரு. எங்கயாவது ஒரு மூலையில கொஞ்சம் நீலம் தெரியும். அதுதான் உசுரோட இருக்க பவளம்.”

வெளிச்சம் பத்தாமல் பழுப்பாகப் போயிருக்கும் என்றார் இசக்கிராஜ். வாரியத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது.

“பத்தாமப் போனாலும் சாகும், அது எனக்குத் தெரியாதா? அதுக்காக ஏழு கட ஏறி எறங்குனேன். மூணு பாகம், மூணு ஆளு ஆழத்துல செவப்புச் சேல கறுப்பாத் தெரியும். இந்தத் தொட்டிக்குள்ள செவப்புத் துணியப் போட்டுப் போட்டு, அது அங்க தெரிஞ்ச மாதிரியே மங்குத லைட்டாப் பாத்து எடுத்தேன். பொறவு ஒரு சாண் ஒரு சாணா மேல ஏத்துனேன். நாலு மாசத்துல ரெண்டு கொம்பு புதுசா விட்டுச்சு. ஒங்க ஊதாவுல ஒண்ணாவது கொம்பு விட்டுருக்கா? பாத்துச் சொல்லுங்க.”

இசக்கிராஜ் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அவர் நிறத்தைத்தான் எழுதுவார். வளர்ச்சி என்று படிவத்தில் ஒரு கட்டமே கிடையாது.

“அந்தப் பழுப்பு எங்கிருந்து வருது தெரியுமா? அது தசைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. வெளிச்சத்த வாங்கி அதுதான் பவளத்துக்குச் சோறு பொங்கிப் போடுது. வெளிச்சம் கூடிப் போனா பாசியே வெசமாயிரும், பவளம் அதத் துப்பிரும். துப்பிட்டு, வெயிலுக்குக் கொட பிடிக்க மாதிரி ஒரு கலரப் பூசிக்கிடும். வவுத்துல சோறு இல்ல, தலைக்கு மேல கொட. அந்தக் கொடைக்குத்தான் நீங்க அஞ்சு மார்க் போட்டுட்டுப் போறிய.”

“இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?”

“பாதி கேட்டது, பாதி கண்ணு பாத்தது. மொதக் கோடையில கடலு வெந்தப்ப பாறை பூரா ஊதா ஊதாவாப் பூத்துச்சு. சனம் படகு பிடிச்சு வந்து போட்டோ எடுத்துச்சு. மறு மாசம் அம்புட்டும் வெள்ள. ஒங்க அட்டையில இருக்கது அந்த மாசத்துப் போட்டோதான்.”

இசக்கிராஜுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒன்பது வருடம் வெயிலில் ஏறி இறங்கியவனுக்கு, பாசி எடுத்த பொம்பளை பாடம் நடத்துகிறாள். படித்தவர்கள் உட்கார்ந்து போட்ட அட்டை, அதில் குற்றம் சொல்ல இவள் யார் என்று கேட்டேவிட்டார். அவள் குரல் ஏறவில்லை, முகம்தான் மாறியது.

“பொண்ணு கறுப்புன்னா வேண்டாம்பிய. அதுல பழகுன கண்ணு, இதயும் அப்படித்தானே பாக்கும். கலரு பாத்து எடுக்கதுக்கு இது என்ன சம்பந்தமா?”

அதைச் சொல்லிவிட்டுத் தொட்டியை விட்டு விலகி நின்றாள். பவளத்தை எடுத்துப் பெட்டியில் வைக்க மறுத்துவிட்டாள். தொம்மைதான் எடுத்து வைத்தார். இசக்கிராஜ் படி இறங்கும்போது அவளும் கூடவே இறங்கி வந்தாள். வேன் கிளம்பும்வரை, நான்கு மாடி சன்னல்களுக்கும் கேட்கிற மாதிரி, லைட்டு மீட்டர் உசுரோட இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போகிறார், சாகப்போகிறதுக்குப் பதக்கம் குத்திவிட்டுப் போகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவரும் வெளியே வரவில்லை. இரண்டு மூன்று சன்னல்கள் சாத்திக்கொண்டன.

வாரியத்தில் எடுத்து வரும் பவளங்களுக்கு ‘மீட்பு அறை’ என்று ஓர் இடம். இசக்கிராஜ் ஒன்பது வருடத்தில் அதற்குள் போனதில்லை. வெளியே ஒரு சன்னல் இருக்கும், பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அன்று சன்னலில் ஆள் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு நாளாக இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருப்பார். அன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கண் கூசியது. கூரை முழுக்க விளக்கு. சுவரில் வாரியத்தின் வாசகம், ‘வண்ணமே உயிர்’. நடுவில் நீளமான தொட்டி, அதற்குள் வரிசையாக ஓடுகளில் ஒட்டிய பவளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து. அந்த வருடம் அவர் எடுத்து வந்தவை பதினொன்று. அவற்றில் ஒன்பது வெறும் வெள்ளைக் கல். தொட்டுப் பார்த்தார், சொரசொரவென்று சுண்ணாம்பாக இருந்தது. மிச்சம் இரண்டும் ரோஸ் நிறத்தில், கண்காட்சியில் வைக்கலாம் என்கிற மாதிரி மின்னின. ஒன்றின் அடிப்பகுதி ஏற்கெனவே வெளுத்திருந்தது. எடுத்து வந்த அன்று பதினொன்றும் பழுப்பாக இருந்தன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதியவர் அவர்தானே.

பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டே அலுவலக அறைக்குப் போய், கணினியில் பதிவேட்டைத் திறந்தார். ஐந்து மதிப்பெண் வாங்கிய வீடுகளை மட்டும் பிரித்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து, பன்னிரண்டு மாதம் கழித்து ‘மாற்றுத் துண்டு வழங்கப்பட்டது’ என்று ஒரு வரி. சில வீடுகளில் அந்த வரி மூன்று தடவை. செத்ததைச் செத்தது என்று எங்கும் எழுதவில்லை. நாலாயிரம் என்ற எண் நாலாயிரமாகவே இருந்தது. மாற்றுத் துண்டுகள் எல்லாம் எங்கிருந்து வெட்டியவை என்று பார்த்தார். பெரும்பாலும் ஒரே தாய்ப் பவளம், ‘ஊதா ஏழு’. ஊரில் பாதிக்கு மேல் வீடுகளில் இருந்தது ஒரே பவளத்தின் துண்டுகள்.

இயக்குநர் டாக்டர் சாருமதி மேலறையில் இருந்தார். சென்னையிலிருந்து வந்தவர், பவளத்தைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். இசக்கிராஜ் உட்காரச் சொல்வதற்குக் காத்திராமல் உட்கார்ந்தார். பெட்டி மடியில் இருந்தது. அஞ்சு மார்க் வாங்கினது எல்லாம் ஒரு வருஷத்தில் சாகிறது, நாம் எடுத்து வருகிறது அதற்கும் முன்னால் சாகிறது என்றார். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா தலையாட்டினார்.

“தெரியும் இசக்கிராஜ். ரெண்டு வருஷமா தெரியும்.”

மறுப்பார், அதட்டுவார், விசாரணை வைக்கிறேன் என்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அந்த அம்மாவே தொடர்ந்தார்.

“முதல் வருஷம் கார்டே கிடையாது, ஞாபகம் இருக்கா? நானே ஒவ்வொரு ஏரியாவுக்கும் போய் கிளாஸ் எடுத்தேன். பழுப்பா இருக்கும், அதுதான் ஆரோக்கியம், விளக்கைக் கூட்டாதீங்கன்னு தொண்டை வறள சொன்னேன். ஆறே மாசத்துல நானூறு வீட்டுல எடுத்து வெளிய போட்டுட்டு அதே தொட்டியில தங்கமீன் விட்டாங்க. சாணி மாதிரி இருக்கு மேடம், நடுவீட்டுல எப்படி வைக்கிறதுன்னு என் முகத்துக்கு நேரா கேட்டாங்க. யாரோ ஒருத்தர் லைட்டைக் கூட்டி ஊதா ஆக்கினாங்க. அதுக்கப்புறம்தான் ஊரே பவளம் கேட்டுச்சு. கரண்ட் சலுகை வந்துச்சு, மந்திரி வந்தாங்க. எனக்குத் திட்டம் பிழைக்கணும். செத்துப்போனா இன்னொரு துண்டு கொடுத்துடலாம். ஜனங்களுக்கு வெறுத்துப்போச்சுன்னா எதைக் கொடுக்கிறது?”

“எதை நடுவீங்க மேடம்? நாளைக்குக் கடல் குளிர்ந்தா?”

அதற்கு அவர் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, தன் காலத்தில் கடல் குளிரப்போவதில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

“அழகில்லாததை ஜனங்க காப்பாத்த மாட்டாங்க, இசக்கிராஜ்.”

“காப்பாத்துனவங்க வீட்ல இருந்து நான் பதினொண்ணு தூக்கிட்டு வந்திருக்கேன் மேடம். அவங்களும் ஜனங்கதான்.”

எழுந்தார். நிற அட்டையை மேசையில் வைத்தார், மீட்டர் பையையும் கழற்றி வைத்தார். அந்தப் பெட்டி வாரியச் சொத்து, அதோடு வாசலைத் தாண்டினால் நாளைக்கு வரவேண்டாம் என்று சாருமதி சொன்னார். மிரட்டுகிற குரல் இல்லை, களைத்துப் போன குரல். இசக்கிராஜ் வாசலைத் தாண்டினார்.

பெட்டியோடு நேராகக் கித்தேரி வீட்டுக்கே வண்டியை விட்டார். கோபம் அந்த அம்மா மேலா, தன் மேலா, சன்னலைச் சாத்திக்கொண்ட ஊர் மேலா என்று பிரிக்க முடியவில்லை. பார்க்கப் போனால் தன் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் வீட்டுப் பவளம் இரண்டு வருடம் முன்னால் வட்டத்திலேயே முதல் பரிசு. விளக்கை அவரேதான் தேர்ந்தெடுத்தார். மகன் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டியதும் அவர்தான். சம்பந்தி வீட்டார் தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பவளத்தை அப்புறம் அவர் நின்று பார்த்ததே இல்லை. ஊரார் வீட்டுப் பவளத்தைப் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டில் என்ன வேலை?

கித்தேரி கதவைத் திறந்தாள். நன்றி என்ற பேச்சே இல்லை. பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, தண்ணீரைத் தொட்டுச் சூடு பார்த்து, தொட்டித் தண்ணீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் பவளத்தை உள்ளே இறக்கினாள். விளக்கைப் போடவில்லை. இன்றைக்கு இது பட்ட பாடு போதும், நாளைக்கு இரண்டு மணி நேரம் போட்டால் போதும் என்று தொம்மையிடம் சொன்னாள். தொம்மை கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய விளக்கை எடுத்துக்கொண்டு, அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார்.

இசக்கிராஜ் நடந்ததை எல்லாம் சொன்னார். வேலை போன கதையையும் சொன்னார். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. இதையாவது காப்பாத்தியாச்சு என்று முடித்தார்.

கித்தேரி அவரையே பார்த்தாள்.

“என்னத்தக் காப்பாத்துனிய?”

இதைத்தான் என்று அவர் தொட்டியைக் காட்டினார்.

“பங்குனிப் பௌர்ணமி கழிஞ்சு ரெண்டு மூணு நாள்ல கடல்ல பவளம் வெத விடும். காலையில பாசிக்குப் போனா தண்ணி மேல ரோஸ் கலர்ல தவிடு மெதக்க மாதிரி கெடக்கும். அம்புட்டும் முட்டை. ஒண்ணோட முட்டை அதோட வெதயிலயே கருப்பிடிக்காது. வேற தாய்ப் பவளத்தோட வெத வந்து சேரணும். இதயும் அந்தப் பாசிக் கதையயும் எனக்குச் சொல்லிக் குடுத்ததே ஒங்க சாருமதி அம்மாதான், அட்டை வாரதுக்கு முன்ன.”

“ஊர்ல நாலாயிரம் இருக்கேக்கா.”

“பட்டினி கெடக்கது முட்டை வைக்குமா அண்ணாச்சி? ஊதாவெல்லாம் மலடு. லைட்டக் கொறச்சா திரும்பப் பாசி ஏறும், இல்லன்னு சொல்லல. அது தேறி முட்டை வைக்க ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அதுவரைக்கும் கரண்டும் வாரியமும் இருக்கணும், நான் இருக்கணும். இது இந்தப் பங்குனிக்கு வைக்கும். வயித்தப் பாத்தாலே தெரியுது. ஆனா ஒத்தையில வச்சா என்ன, வைக்காட்டா என்ன? நீங்க தூக்கிட்டுப் போன பதினொண்ணுல ஒண்ணு, ஒரே ஒண்ணு இருந்திருந்தாப் போதும்.”

அவள் அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இசக்கிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பதினொரு வீடும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதை அன்று சாயங்காலம் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பிறகு பதிவேட்டில் பார்த்ததை எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வீட்டை அடித்துவிட்டு, எண் குறையாமல் வேறு வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும், அந்த வீட்டுக்காரர்கள் தொட்டி உடைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அவர்களுடைய பெயர்களை அடித்தவரும் அவர்தான். அதைக் கேட்டதும் கித்தேரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“எப்ப ஒடஞ்சுச்சாம்?”

சுழியம் விழ ஆரம்பித்து இரண்டாவது மாதம், அல்லது மூன்றாவது மாதத்துக்கு ஒரு வாரம் முன்னால். சொல்லச் சொல்ல அவருக்கே உறைத்தது.

“முப்பத்தொரு தொட்டியும் நீங்க பெட்டியத் தூக்கிட்டு வாரதுக்கு மொத வாரந்தான் ஒடையுமாக்கும்?”

மறுநாள் காலையில் அவர் தன் வீட்டு விளக்கைக் கழற்றி ஒரு முழம் மேலே கட்டினார். பவளத்தின் நுனி மட்டும் ஊதாவாக இருந்தது, மற்றதெல்லாம் கல். அவர் மனைவி செண்பகம் என்ன ஏது என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் சாயங்காலம் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த முப்பத்தோரு முகவரிகளில் ஞாபகம் இருந்த ஆறு வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டில் அவர் தலையைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் தொட்டியா, அது எப்பவோ உடைந்துபோனதே என்றார்கள். உள்ளறையில் பம்பு ஓடுகிற சத்தம் வாசலுக்குக் கேட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். தன்னை வாரியத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், பெட்டியெல்லாம் கிடையாது, வெறும் கை என்று விரித்துக் காட்டினார். அந்த வீட்டு அம்மா, “ஒங்கள நம்பிப் பவளத்தக் குடுத்தவ வீடு அடுத்த தெருவுல இருக்கு, தொட்டி காலியாக் கெடக்கு, அங்க போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மற்ற நான்கு வீடும் அப்படித்தான். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஒன்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்து ஒளித்து வைத்தவர்கள், ஒரே நாளில் எப்படித் திறப்பார்கள்?

அதனால்தான் இது இங்கே, ஊரார் எல்லாரும் படிக்கிற இணையப் பக்கத்தில் எழுதப்படுகிறது. உடைந்துபோனது என்று எழுதிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். உள்ளறையிலோ குளியலறையிலோ பழுப்பாக ஒன்றை வைத்திருந்தால், எத்தனை வருடமாக அந்த நிறத்தில் இருக்கிறது, விளக்கு தண்ணீருக்கு எவ்வளவு மேலே தொங்குகிறது, கடைசியாக எப்போது கொம்பு விட்டது என்ற மூன்றை மட்டும் கீழே பதிலில் எழுதுங்கள். யாரும் எடுக்க வரமாட்டார்கள். தொட்டியை எங்கே வைத்துச் சேர்ப்பது என்பதை நீங்களும் கித்தேரியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், இசக்கிராஜ் அந்தப் பக்கமே வரமாட்டார். பங்குனிப் பௌர்ணமிக்கு இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது. தயவுசெய்து பதில் எழுதுங்கள்.